லிஃப்டின் உதிரி பாகம்

எங்கள் தெருவில் குடியிருந்த லிஃப்ட்காரர் ஆயுள் முழுக்கப் பேசியதை ஒரு தபால்தலையின் முதுகில் எழுதிவிடலாம். மீசை முளைத்த நாள் முதல் மீசை நரைத்த நாள் வரை, ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்தியவர். தூக்கத்திலும் அந்த ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. மனைவியின் மூக்கை அழுத்திவிட்டுக் கதவு திறக்கக் காத்திருக்கும். நம்பாதவர்கள் அந்த அம்மாளின் மூக்கைப் போய்ப் பார்க்கலாம், சப்பைதான்.

ஊரெல்லாம் தொற்று பரவியபோது கட்டட மேனேஜர் லிஃப்ட் வாசலில் இரண்டு விதிகளை ஒட்டினார். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். பொத்தானை லிஃப்ட்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தங்கமான விதிகள். சேர்த்து வைத்தால்தான் வில்லங்கம்.

கதவு திறக்கும். "இடம் இருக்கா?" என்பார்கள்.

"நான் இருக்கேனே" என்பார். கதவு மூடும்.

தன்னந்தனியாக, கடமை தவறாமல், மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தார் மனிதர். மற்றவர்கள் முகக்கவசத்துக்குள் நாக்குத் தள்ளப் படியேறினார்கள். உச்சி மாடியில் அறை வைத்திருந்த மேனேஜரும் ஏறினார். அவருடைய முகக்கவசம் மட்டும் தாடைக்குத் தொட்டில் கட்டியதுபோல் தொங்கியது.

"ஏம்ப்பா, யாருமே ஏறாத லிஃப்டுக்கு ஆள் ஒரு கேடா? திங்கக்கிழமை லிஃப்டை நிறுத்தப் போறேன். நீயும் நின்னுடு."

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு ஆள்தானே இருக்கணும்? உங்களை யாரு ஆள்னு சொன்னது?"

"என்னடி இப்படிச் சொல்ற?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன், பேச்சு உண்டா, சிரிப்பு உண்டா? நம்ம பீரோகூட திறந்தா கிறீச்சுங்குது. லிஃப்டோட நானும் ஒரு பாகம்னு சொல்லிப் பாருங்க."

சொன்னதோடு விடவில்லை. கிழிந்த குடைத்துணியில் லிஃப்டின் சுவர் நிறத்திலேயே சட்டையும் முகக்கவசமும் தைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை லிஃப்ட்காரர் மேனேஜர் முன்னால் நின்றார். "சார், உள்ள லைட்டு இருக்கு, ஃபேன் இருக்கு. அதையெல்லாம் ஆள் கணக்குல சேக்கறோமா? என்னையும் அப்படியே வெச்சுக்குங்க."

மேனேஜரின் வாய் திறக்குமுன் முழங்கால்கள் சம்மதித்துவிட்டன. "ஆனா ஒண்ணு. மெஷின் மூச்சு விடக்கூடாது. சுகாதார அதிகாரி வந்து ஆள்னு கண்டுபிடிச்சா, அன்னிக்கே உன் வேலை போச்சு."

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் இயந்திரமானார். ஏறியவர்கள் அவர் எதிரிலேயே போனில் மேனேஜரைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். ஒருவர் நனைந்த குடையை அவர் முழங்கையில் மாட்டினார். இன்னொருவர் கைகழுவும் மருந்துப் புட்டியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். வருடாந்தரப் பராமரிப்புக்கு வந்த மெக்கானிக், கதவுக்கு எண்ணெய் விட்ட கையோடு இவர் முழங்காலுக்கும் இரண்டு சொட்டு விட்டான். நெடுநாள் வலி போயே போச்சு.

சுகாதார அதிகாரி அம்மாள் வந்தேவிட்டாள். விதிப்படி அவள் ஒருத்திதான் ஏறினாள். இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் இவருக்கு மூக்கு நமநமத்தது. வேலையை நினைத்தார். மனைவியை நினைத்தார். கண்ணில் நீர் கட்டியது. தும்மலுக்கு வேலை போகும் கவலை ஏது? லிஃப்டே குலுங்கும்படி ஒரு தும்மல்.

உச்சி மாடியில் கதவு திறந்தது. எதிரே மேனேஜர்.

"என்ன சார், உங்க மெஷின் தும்முது?"

மேனேஜர் இளித்தார். "பழைய மெஷின் மேடம்..."

"பழசானா என்ன? மூக்கு, வாய் ரெண்டும் மூடியிருக்கு, ஒரு துளி வெளிய வரலை. இந்தக் கட்டடத்துலயே மாஸ்க்கை ஒழுங்காப் போட்டிருக்கறது இது ஒண்ணுதான். தாடைக்குச் சளி பிடிக்குமா சார்? ஏத்துங்க மேல! கீழ் வாசலுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கி வைங்க. அடுத்த தடவை நான் பாக்கணும்."

மற்ற மாடிகளைப் பார்க்க அவள் படியிறங்கியதும் மேனேஜர் லிஃப்டுக்குள் தலையை நீட்டினார். குரல் குழைந்தது.

"வேலை உனக்கேதான்ப்பா. இன்னொரு மெஷினுக்கு நான் எங்க போவேன்?"

லிஃப்ட்காரர் முகக்கவசத்தைத் தொடாமல் பதில் சொன்னார்:

"வீட்டுல ஒண்ணு இருக்கு சார். ஆனா அது பேசும்."