தமிழரசு அறுத்த புல்லட்

கொரட்டூரில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழரசு அண்ணன் ஒரு வெல்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பத்து வருடமாக வேலை செய்கிறார். உடைந்தது எதையும் உடைந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் தெருவில் பாதி கேட்டுகள், மாடிப்படிக் கைப்பிடிகள் எல்லாம் அவர் கையால் ஒட்டியவை. அந்தத் தைரியம்தான் அவரை மாட்டிவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் வேப்பம்பட்டில் ஒருவரிடமிருந்து 1976-ஆம் வருடத்து புல்லட் ஒன்றை வாங்கி வந்தார். டேங்கிலும் மட்கார்டுகளிலும் கையால் இழுத்த தங்கக் கோடு. இரண்டு பேர் தாராளமாக உட்காரும் சீட்டு. ஒரு பாகமும் மாற்றப்படாத வண்டி. வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே, போனில் பார்த்த ஒரு படத்தைப் போல ஆக்குகிறேன் என்று, கிரைண்டரால் பின்பக்கச் சட்டத்தை அறுத்துவிட்டார். சீட்டு போனது, பின் மட்கார்டு போனது. பதிலுக்கு, சைக்கிள் சீட்டு மாதிரி ஸ்பிரிங் வைத்த ஒரே ஒரு தோல் சீட்டு வந்தது. அறுத்த இரும்பு எடைக்குப் போனது.

ஸ்டேஷன் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் கஜபதி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மாமே இப்டி பண்ணிகீற? மாத்தணும்னா கழட்டி மாட்டுற மாதிரி மாத்து. கழட்டுனத பரண் மேல போட்டு வை. அறுப்பாங்களாய்யா?"

"வுடு அண்ணாத்தே. வேணும்னா நாளைக்கே திருப்பி ஒட்டிடுவேன். நான் யாரு?"

"ஆர்.சி.ல ரெண்டு பேர்னு கீது. வண்டில ஒருத்தருக்குதான் எடம். நாளைக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டிய டேங்கு மேல குந்த வெப்பியா?"

அண்ணன் சிரித்தார். அப்போது வீட்டில் கல்யாணப் பேச்சே இல்லை.

போன தை மாதம் அந்தப் பேச்சு வந்தது. பெண் பெயர் ஜெயப்பிரியா. அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ஆவடியில் ராணுவ உடை தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. பெண் பார்க்கப் போன அன்று இருவரையும் ஐந்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள்.

"உங்ககிட்ட பழைய புல்லட் இருக்காமே? கல்யாணம் முடிஞ்சு முதல் வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயிலுக்கு உங்க பின்னாடி உக்காந்து அதுல போகணும். வேற எதுவும் நான் கேக்க மாட்டேன்."

அண்ணன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கல்யாணம் வைகாசியில். நான்கு மாதம் இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர், "அது இந்நேரம் எந்தக் கட்டடத்துல கம்பியா கீதோ" என்று கைவிரித்தார். புதுப்பேட்டையில் தேடியதில், வேறொரு வருடத்து வண்டியின் பின்பக்கம் மட்டும் கிடைத்தது. அண்ணன் அதை ஒட்ட உட்கார்ந்தார். லாரிக்கு வைக்கிற சூட்டையே வைத்தார். மெல்லிய குழாய், உள்ளே துரு தின்றிருந்தது, உடனே ஓட்டை விழுந்தது. அதை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. ஒரு வழியாக முடித்தபோது கஜபதி நூல் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

"ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா பிச்சிக்கும். நீ திருவேற்காட்ல இருப்ப, அவங்க நடுரோட்ல இருப்பாங்க."

அண்ணன், தான் ஒட்டியதைத் தானே அறுத்துப் போட்டார். பத்து வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த ஒற்றைச் சீட்டு வண்டியிலேயே ஆவடிக்குப் போனார். ஜெயப்பிரியா குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் எங்க உக்கார்றது?"

"நான்தாங்க அறுத்தேன். திருப்பி ஒட்டிடலாம்னு நெனச்சேன், முடியல. அன்னைக்கே சொல்லிருக்கணும். நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதுவும் என்னால முடியல."

"பின்னாடி மட்கார்டுலயும் இந்தத் தங்கக் கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதையும் எடைக்குப் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"பாவி!" என்றார் அவர். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு சீட்டுதான இருக்கு? அப்ப அது எனக்கு. நீங்க என் ஸ்கூட்டர்ல வாங்க."

அண்ணன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்ததாம்.

அந்த வண்டிக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தினமும் காலையில் ஜெயப்பிரியாவுக்குப் பயிற்சி நடந்தது. முதல் நாள் கிக்கர் திருப்பி அடித்துக் கால் வீங்கியது. நான்காம் நாள் புல்லட் ஓடியது, அண்ணன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். "பிரேக்கு லெஃப்ட்டுங்க! லெஃப்ட்டு!"

இப்போதெல்லாம் யாராவது பழைய பைக்கை அறுத்துத் தரச் சொல்லி வந்தால், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்கிறார். ஆகவில்லை என்றால் கிரைண்டரையே எடுப்பதில்லை. ஆகிவிட்டது என்றால், வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வரச் சொல்கிறார்.

கல்யாணம் முடிந்த அந்த முதல் வெள்ளிக்கிழமை, ஹெல்மெட்டுக்குக் கீழே மல்லிகைப்பூ தொங்க அண்ணி முன்னால் போனார். ஆரஞ்சு நிற ஸ்கூட்டரில் தேங்காய்ப் பையை மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னால் போனார். அயனம்பாக்கத்தில் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் இரண்டு வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமா?"

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் கம்மியா இருக்கு. போட்டுட்டு வந்துடுங்க" என்றார் அண்ணி. ஒரே உதையில் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.