பெயருக்குப் பட்டா இல்லை

கிறிஸ்துதாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு வெட்டும் மெஷின்கள் நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. மற்றவர்களுக்கு அது தலைவலி. அவருக்கு அதுதான் வசதி. அந்த இடியின் நடுவில் வாய்விட்டுப் பெயர்கள் சொல்லிப் பார்ப்பார். உலகத்தில் யாருக்கும் வைக்காத பெயர்கள்.

எண்பத்து நாலிலிருந்து அவர் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் எல்லாருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். கம்பெனியில் மற்றவர்களுக்குச் சாமி பெயர். பெயரைக் கேட்டதுமே எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தன் கதையில் வருகிறவர்களை அப்படி யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதனால் ஒரு பெயர் அமைய மாதக்கணக்கானது. கதையின் ராணிக்கு முதலில் இமயா என்று வைத்தார். மலை ஞாபகம் வந்தது. இமலி என்று மாற்றினார். இந்தி தெரிந்த சூப்பர்வைசர், அப்படியென்றால் புளி என்று சிரித்தார். கடைசியில் இமரை என்று நின்றது.

வீட்டில் தங்கை ரோஸி காகிதங்களைப் பிரதியெடுத்துத் தருவாள். வெளியில் அந்தப் பெயர்களை ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் பக்கத்து மெஷின் ஆனந்தன். அயப்பாக்கத்துக்காரர். மதியம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதே, "இன்னிக்கு இன்னா பேரு புட்ச்ச?" என்பார். நன்றாயிருந்தால் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். கதையின் தலைநகரத்துக்கு மேழவந்தி என்று பெயர் வைத்த அன்று, "யோவ் தாசு, கேக்கச்சொல்லவே போய்ப் பாக்கணும்னு தோணுது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு கிறிஸ்துதாஸுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

தொண்ணூறில் ஆனந்தன் வேலையை விட்டார். வயலும் ஏரிக்கரையும் பிளாட்டாகிக்கொண்டிருந்த சமயம். முதலில் புரோக்கராக அலைந்தார்; பிறகு தானே மனை போட்டு விற்க ஆரம்பித்தார். இருவரும் பார்த்துக்கொள்வது குறைந்துபோனது.

தொண்ணூற்று மூன்றில் கதை முடிந்தது. கிறிஸ்துதாஸ் அதைச் சிறுவர் பத்திரிகை ஒன்றில் கொடுத்துவிட்டு, அவர்கள் வரச் சொன்ன நாளில் போனார். ஆசிரியர் மரியாதையானவர்.

"கதை நல்லாத்தான் இருக்கு சார். பேரெல்லாம் மட்டும் சொந்தமா வெச்சிருக்கலாம்."

"சொந்தமா வெச்சதுதான் சார்."

ஆசிரியர் இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் நோட்டீசை எடுத்து நீட்டினார். "முகப்பேர்ல எங்க வீட்டுப் பேப்பர்ல செருகி வந்தது."

பூந்தமல்லி அருகில் மேழவந்தி நகர். நல்ல தண்ணீர், தார் ரோடு, பஸ் வசதி. கீழே மனை வரைபடம். அதில் இமரை தெரு. அடியில் ஆனந்தன் பெயரும் பூந்தமல்லி ஆபீஸ் விலாசமும்.

"பசங்க படிச்சா சிரிப்பாங்க சார்" என்றார் ஆசிரியர். திருடியதாக அவர் சொல்லவில்லை. ஆனால் காகிதக் கட்டை அவர் மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்திய விதத்தில் அது இருந்தது.

கிறிஸ்துதாஸ் அங்கிருந்து நேராகப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆனந்தனின் ஆபீஸ்.

"வா தாசு, ஒக்காரு. நோட்டீசு பாத்தியா? எப்டி கீது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? லச்சுமி நகர், சரஸ்பதி நகர்னு ரோட்டுக்கு ரோடு கீது. வர்றவனெல்லாம் நம்ம பேர சொல்லிகினே வர்றான். நீ சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்."

"அது என்னோடது, ஆனந்தா."

ஆனந்தன் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பேருக்கு பட்டா கீதா இன்னா?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். டீ வந்தது. கிறிஸ்துதாஸ் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமாகித் திருமுல்லைவாயிலில் குடியிருந்த ரோஸி சர்ச் முடிந்து ஸ்வீட் டப்பாவோடு வந்தாள்.

"அண்ணா, மேழவந்தில மனை வாங்கிட்டோம். போன மாசமே ரிஜிஸ்டர் ஆயிடிச்சி. உன்னாண்ட சொல்லாம வெச்சிகினு இருந்தேன்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "இமரை தெருன்னு போட்டிருந்திச்சி. நீயும் அதுல கூட்டா இருக்கேன்னு நெனச்சோம். அதான் எடத்தப் பத்தி வேற எங்கயும் போய் விசாரிக்கல."

"எனக்குத் தெரியாம எடுத்தான், ரோஸி."

"அப்போ அந்த எடம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தொண்ணூற்றாறு மழையில் வந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் பாதையில் போட்ட மனைகள் அவை. அதற்குள் ரோஸி அங்கே வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். கிறிஸ்துதாஸ் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் ரோஸியின் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கூட நடந்த ஒருவர் வழி முழுக்க மேழவந்தியைத் திட்டிக்கொண்டே வந்தார். ஊரைத் திட்டினாரா, மனை போட்டவனைத் திட்டினாரா என்று தெரியவில்லை. கிறிஸ்துதாஸுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது.

ரோஸி அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் விலாசம் கேட்பவர்களிடம், "பூந்தமல்லி பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கிறிஸ்துதாஸ் கதையில் பெயர்களை மாற்றிப் பார்த்தார். வேறு பெயரில் கூப்பிட்டால் அந்த ராணி திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று ரோஸியிடம் சொன்னார். காகிதக் கட்டை அப்படியே பீரோ மேல் போட்டுவிட்டார்.

மறு வருஷம் ஆவடி பஸ்ஸில் ஆனந்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய பிரியத்தோடு தொடையில் தட்டினார்.

"திருநின்றவூர் சைடுல ஒண்ணு போட்றேன் தாசு. ஒரு பேரு குடேன்."

பல வருஷம் கழித்து அந்த வாரம்தான் மெஷின் முன்னால் ஒரு பெயர் அகப்பட்டிருந்தது. நாக்கு நுனியில் நின்றது.

"இப்பல்லாம் ஒண்ணும் தோணறதில்ல" என்றார்.

"ச்சே, அப்டி சொல்லாத. உன்ன மாதிரி எவனுக்கு வரும்?" ஆனந்தன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அவர் இறங்கும்வரை கிறிஸ்துதாஸ் வாயைத் திறக்கவில்லை. தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று கண்ணையும் மூடவில்லை.