வெண்மதியின் கடல்தொட்டியும் செம்பியன் அடைத்த ஓட்டையும்

தேவனாம்பட்டினம் கலியபெருமாளின் குடும்பத்தில் மீனை நம்பிப் பிழைக்காத முதல் ஆள் அவருடைய மகள் வெண்மதி. மீனை விட்டு விலகியவள் என்று மட்டும் அவளைச் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, கணவர் மஸ்கட்டில் இருந்த ஆண்டுகளில் மேல வீதிக்குப் பின்புறம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தபோது, கடலில் வாழும் கோமாளி மீன்கள் இரண்டைச் சிறு கண்ணாடித் தொட்டியில் வளர்த்துவந்தாள். அவை பெருத்துவிட்டன; தொட்டியில் எவ்வளவு மாற்றினாலும் தண்ணீர் கெட்டுக்கொண்டே இருந்தது. பெரிய தொட்டி வைத்தே ஆகவேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள்.

அதன் அமைப்பு இது. மேலே நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதன் மூலையில் சீப்புப் பல்லைப் போல் வெட்டிய தடுப்பு. தண்ணீர் அந்தப் பல்லிடுக்கில் வழிந்து, குழாய் வழியே கீழே, அது நிற்கும் பலகைக்கு அடியில் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப். அங்கே வடிகட்டப்பட்ட தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். கண்ணாடி ஒட்டியதிலிருந்து குழாய் பொருத்தியது வரை எல்லாம் வெண்மதியே செய்தாள்.

வீட்டுக்காரர் திருநாவுக்கரசு கீழ்த்தளத்தில் இருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரை ஒருபோதும் நம்பாதவர்.

"உப்புத் தண்ணி எறங்குனா தளத்துக் கம்பிய தின்னுடும்மா. கரண்டு போச்சின்னா மேல இருக்கறது பூரா கீழ வந்துடாதா?"

"வராது சார். நீங்களே வந்து சுவிட்ச ஆஃப் பண்ணிப் பாருங்க."

"பாக்கறேன். தரையில ஒரு சொட்டு வுழுந்தாலும் அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடணும்."

வெண்மதி ஒப்புக்கொண்டாள். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று குறிக்கப்பட்டது.

அன்று காலை அவளுடைய அண்ணன் செம்பியன், கரையோரக் கலங்கலை விட்டு வெகுதூரம் உள்ளே போய் மொண்ட கடல்நீரைக் கேன்களில் நிரப்பி, முதுநகர்த் துறைமுகத்திலிருந்து லோடு ஆட்டோவில் கொண்டுவந்தான்.

"ஊருல எல்லாம் மீன வூட்டுக்கு எடுத்தாருவாங்க. நீ கடலையே எடுத்தாரச் சொல்ற. அப்பா கேட்டா நான் என்னா சொல்ல?"

"உன் மருமவனுங்க ரெண்டு பேருக்கு வூடு கட்டறேன்னு சொல்லுண்ணா!"

தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் வெண்மதி மோட்டாரைப் போட்டாள். கீழே மோட்டார் உறும, மேலே தண்ணீர் சுழித்து ஏற, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மீதியை ஊற்றும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரரை அழைக்க இறங்கி ஓடினாள்.

அவர்கள் மேலே வந்தபோது நீர் சீப்புப் பற்களில் அழகாக வழிந்துகொண்டிருந்தது. திருநாவுக்கரசு நின்று பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் அடங்கியது. மேலே மட்டம் சற்றுத் தாழ்ந்து, பற்களில் வழிவது நின்றது. கீழே சம்பில் நீர் ஏறியது. மோட்டார் நின்றால் நீர் இதற்குமேல் ஏறாது என்று சம்பின் கண்ணாடியில் வெண்மதி ஒட்டிவைத்திருந்த கோட்டை அது தொட்டது. அங்கே நிற்கவேண்டியது நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி விளிம்பை நோக்கி ஏறியது.

"நிக்கலியேம்மா!"

மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாய் இப்போது தலைகீழாக நீரை உறிஞ்சிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. செம்பியன் ஒரே தாவில் மண்டியிட்டு, படகில் டீசல் குழாயை மடிப்பதுபோல் அந்த ரப்பர்க் குழாயை இரண்டாக மடித்து இறுக்கிப் பிடித்தான். நீர் விளிம்பில் நடுங்கி நின்றது.

அன்று மாடி முழுவதும் வெள்ளம் ஓடியதாக உறவினர் சிலர் சொல்வது சரியன்று. தரை காய்ந்தே இருந்தது.

திருநாவுக்கரசு குனிந்து தரையைத் தடவினார். "சொட்டு வுழல, வாஸ்தவம். ஆனா தெனம் கரண்டு போறப்ப உங்கண்ணன் வந்து பைப்ப மடிச்சிகிட்டு குந்துவாரா?"

"சார், ஏதோ தப்பு ஆயிருக்கு. ஒரே ஒரு தடவ..."

அவள் தொட்டிக்குள் கையை விட்டு மேல்தொட்டிக் குழாயைத் துழாவினாள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் அவள் ஒரு சிறு துளை இட்டிருந்தாள். மட்டம் தாழ்ந்ததும் அதன் வழியே காற்று நுழைந்து, உறிஞ்சுவது அறுபடவேண்டும். துளை இருந்த இடத்தில் விரலுக்கு ரப்பர் தட்டுப்பட்டது. அதன்மேல் வலை நரம்பால் கட்டிய முடிச்சு.

"அண்ணா! இத யாரு கட்டுனது?"

"நான்தான். நீ கீழ போனப்ப ஓட்டையிலேர்ந்து பீச்சி அடிச்சுது. டியூப் துண்டு வெச்சி கட்டிட்டேன்."

"அது நான் போட்ட ஓட்டண்ணா!"

"ஓட்டைய போய் யாராவது வேணும்னு போடுவாங்களா? படகுல ஓட்டைய பாத்துட்டு நான் என்னிக்கு சும்மா இருந்திருக்கேன்?"

திருநாவுக்கரசு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். "ஓ, காத்து ஓட்டையா! அத அடச்சா எப்டிய்யா நிக்கும்? அறு, அறு."

மோட்டாரைப் போட்டபின்தான் செம்பியனால் கையை எடுக்க முடிந்தது. அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவிழவில்லை, பேனாக்கத்தியால் அறுத்தான். ரப்பர் மிதந்து வந்தது. நீர் பழைய மட்டத்துக்கு ஏறிப் பற்களில் மறுபடி வழியத் தொடங்கியது.

வீட்டுக்காரர் மீண்டும் சுவிட்சை அணைத்தார். மேலே நீர் தாழ்ந்தது, கீழே ஏறியது. கோட்டை நெருங்கியது. குழாய் கொர்ரென்று காற்றைக் குடித்தது. நீர் கோட்டிலேயே நின்றது.

"நின்னுடுச்சி!" என்று முதலில் கத்தியவர் திருநாவுக்கரசு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பின்முன் குந்தினார். "போடு மோட்டார. இன்னொரு தடவ பாக்கலாம்."

போட்டார்கள், அணைத்தார்கள். மறுபடியும் கோட்டிலேயே நின்றது. "இன்னொரு தடவ" என்றார்.

"சார், மோட்டாரு புதுசு, எரிஞ்சிடப் போவுது!" என்று வெண்மதி சிரித்தபடி கெஞ்சினாள்.

"எரிஞ்சா வேற வாங்கிக்கலாம். மீன எப்ப வுடுவ?"

அந்தக் கேள்வியிலேயே அனுமதி இருந்தது. "தண்ணி பக்குவப்படணும் சார், நாளாவும்" என்று அவள் சொல்வதற்குள் அவர் கை மறுபடி சுவிட்சுக்குப் போயிருந்தது.