இறுகிப்போன சிமெண்ட்

தூத்துக்குடியில் எலும்பு மருத்துவராக இருக்கிறேன். கோபக்காரன் என்று எனக்குப் பெயர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். தியேட்டரில் ஏசி சரியாக ஓடவில்லை. நர்ஸ் ஜெசிந்தா, "சூட்டுல எலும்பு சிமெண்ட் சீக்கிரம் இறுகிரும் சார். ஃபிரிட்ஜ்ல வச்சிரட்டா?" என்றாள்.

"இது என்ன சாளை மீனா, ஐஸ்ல போட?" என்று சிரித்தேன்.

குழைத்த சிமெண்ட் பாதி வேலையில் இறுகிவிட்டது. செயற்கை மூட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தேன். ரத்தமும் எலும்புத் தூளும் முகத்தில் தெறித்தன. வெறியில், சிமெண்ட் குழைத்த கிண்ணத்தை வீசினேன். நோயாளியின் தலைப்பக்கம் நின்ற ஜெசிந்தாவின் புருவத்தை அது கிழித்தது.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த அந்த மனிதர் விழித்திருந்தார். "என் எலும்ப உடைங்க டாக்டர், அந்தப் பிள்ளைய ஏன் அடிக்கிய?" என்று கத்தினார்.

ஒரு கையால் காயத்தைப் பொத்திக்கொண்டு ஜெசிந்தா ஃபிரிட்ஜைத் திறந்தாள். எனக்குத் தெரியாமல் ஒரு பாக்கெட் சிமெண்டைக் குளிரவைத்திருந்தாள். மூட்டு நேராக உட்காரும்வரை அது இறுகாமல் நின்றது.

மூன்று மாதம் கழித்து அவர் நடந்தே வந்தார். என்னைத் தாண்டி அவளிடம் போய், "புண்ணு ஆறிட்டாம்மா?" என்று கேட்டார்.

அந்த மூன்று மாதமும் அவளைத் தினம் பார்த்தவன் நான். ஒரு நாளும் கேட்கவில்லை.