ஒளிரும் கல்லீரல்

ஆராய்ச்சிக்கூடத்தில் என் பொறுப்பில் வளர்ந்த மீன்களின் கல்லீரல் பச்சையாக ஒளிரும். வரிக்குதிரை மீன் என்று பெயர்; சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. மனிதரின் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் ஒரே ஒரு மரபணுவை, ஒளிரும் மரபணு ஒன்றோடு சேர்த்து, முட்டையிலேயே செலுத்தியிருப்போம். கண்ணாடி உடம்புள்ள ரகம். இருட்டறையில் நீல விளக்கைப் போட்டால், கட்டி எங்கே தொடங்குகிறது, எப்படிப் பெரிதாகிறது என்று உயிருள்ள மீனுக்குள்ளேயே பார்க்கலாம். இன்னொரு உடம்புக்குள் வளரும் கேட்டை அழகாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பென்ஷனும் கொடுக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். இங்கே வந்த பிறகுதான் அவள் ரத்தத்தில் அதே வைரஸ் இருப்பது தெரிந்தது.

"மீனுங்க கிட்டருந்துதான வூட்டுக்கு இட்டாந்தீங்க?" என்றாள்.

மீனில் வைரஸே கிடையாது, ஒரு மரபணு மட்டும்தான் என்று விளக்கினேன்.

"ஒண்ணு போதாதா?"

இந்த ஆடியில் ரத்தப் பரிசோதனையில் ஓர் அளவு ஏறியிருந்தது. கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படமெடுக்கும் நாளில் மீன்களுக்கும் இரை போடமாட்டோம். குடலில் கிடக்கும் இரையும் ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும். அன்று காலை சமையலறைக்கு நானே காவல் நின்றேன்.

தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஷேர் ஆட்டோவை நிறுத்தப் போனேன்.

ஸ்கேன் கருவியை அவள் வயிற்றில் உருட்டிய பெண் டாக்டர் முகம் சுளித்தார். "உள்ள ஒரே காத்தா இருக்கே. சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லீங்களே. கூழுதான் குடிச்சேன்."

"கூழ் குடிச்சா சாப்பிட்ட மாதிரிதானே?"

"ஆத்தா ஊத்தறது சாப்பாட்டுல சேருங்களா?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள்.

சாயங்காலம் வரச் சொன்னார்கள், அதுவரை தண்ணீர் மட்டும். வீட்டுக்குப் போனால் ஏதாவது வாயில் போட்டுக்கொள்வாள் என்று பஸ் ஏற்றிக் கோமுகி அணைக்கு அழைத்துப்போனேன்.

ஆடிக்காற்று நீரை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கல்வராயன் மலைமேல் மேகத்தின் நிழல்கள் மெதுவாக ஏறி, மறுபுறம் இறங்கிக் காணாமல் போயின. எங்கோ மீன் வறுக்கும் வாசனை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. கரை நகர்கிறதா, தண்ணீர் நகர்கிறதா என்ற மயக்கம் வந்தது.

"உங்க மீனுங்களுக்கு வலிக்குமா?"

"மயக்க மருந்து கலந்த தண்ணியில விட்டுத்தான் பார்ப்போம்."

"அப்பறம்?"

"நல்ல தண்ணியில மாத்தினா முழிச்சுக்கிட்டு நீந்தும்."

"கட்டி இருக்கறதுமா?"

"அதுவும்தான். தனக்கு இருக்குன்னு அதுக்குத் தெரியாதே."

காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் தெரிஞ்சிக்கினு நீந்தறேன், போங்க."

மேகநிழல் எங்கள்மேல் வந்து, குளிர்ந்து, கடந்துபோயிற்று.

சாயங்காலம் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் புகைமாதிரி ஒரு கல்லீரல். இடது மடலை இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். பொறுமையாகக் காட்டினார்.

"கட்டி எதுவும் இல்லீங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள சோறு துன்னலாங்களா?" என்று படுக்கையிலிருந்து அவள் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். ஆறு மாதம் என்றால் அதற்குள் கட்டி ஒன்று முளைத்துவிடலாம் என்று அர்த்தம், எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க அப்பிடிப் பாக்கறீங்க? துன்றவ வாயப் பாத்தா வவுறு வலிக்கும். அந்தாண்ட திரும்புங்க."

திரும்பிக்கொண்டேன். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.