மூன்றாவது வரி பாடாதவள்

குன்னூரில் ப்ளூஸ் சொல்லித்தரப்படும் என்று பலகை மாட்டியபோது எதிர்க்கடை பேக்கரிக்காரர், வர்க்கி விற்கிற ஊரில் இதெல்லாம் போணியாகுமா என்று கேட்டார். அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் துயரத்தைப் பாடிய பாட்டு என்று விளக்கினேன். துயரத்தையா காசு கொடுத்துக் கற்றுக்கொள்வார்கள் என்றார். நாலு பேர் சேர்ந்தார்கள். மழை பிடித்ததும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன மகனின் கிட்டார் வீட்டில் சும்மா தொங்குகிறது, அதனால் வந்தேன் என்றாள்.

எனக்கு அவள் வேண்டியிருந்தாள். கூட இருந்த அக்கா இறந்துபோனபின் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால்தான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம். அப்படியும் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

ப்ளூஸில் ஒரு வரி பாடி நிறுத்தினால் கிட்டார் பதில் சொல்ல வேண்டும். தாளம் யாருக்காகவும் நிற்காது. அவளோ பாடிவிட்டு, தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். தாளம் அவளை விட்டுவிட்டு எங்கோ போயிருக்கும். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

அது தோட்டத்துப் பழக்கமாம். பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் நிற்பது ஆளா காட்டெருமையா என்றே தெரியாது. அதனால் பறிக்கும்போதே ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள்.

"கூப்புட்டா பதில் வர்ற வரைக்கும் கை ஓடாதுங்க, டீச்சர். காதுல விழுந்துட்டா மறுக்காக் கூப்புட மாட்டோம். அவங்கவங்க வேலையப் பாப்போம்."

பாட்டு எழுதிவரச் சொன்னேன். முதல் வரியையே இரண்டாவதாகவும் பாட வேண்டும், மூன்றாவது வரி அதற்குப் பதில். அவ்வளவுதான் விதி. அவள் கொண்டுவந்ததில் மூன்றாவது வரி இல்லை. "மல எறங்கிப் போறேன், மேல யாரு இருக்கீங்க?" என்று இரண்டு முறை பாடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மீதி எங்கே என்றேன்.

"அத நானே பாடிட்டா எப்படிங்க பதிலாகும்?"

அப்புறம்தான் சொன்னாள். மகன் திருப்பூரிலேயே வீடு பார்த்துவிட்டான், அடுத்த வாரம் கிளம்புகிறாள். அவள் வரிக்குப் பதிலாகக் கிட்டாரில் எதையோ வாசித்துச் சமாளித்தேன். குரல்தான் வேண்டும் என்றாள். அக்கா போனதோடு பாடுவதை விட்டாயிற்று என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அவள் கிளம்பிய காலை நல்ல மூட்டம். மேட்டுப்பாளையம் பஸ் நிற்கும் வளைவு என் வீட்டுக்கு நேர் கீழே. சொல்லிக்கொள்ள வருவாள் என்று பால் காய்ச்சி வைத்திருந்தேன். அவள் வரவில்லை, கீழேயிருந்து குரல்தான் வந்தது. ஒரு முறை. கொஞ்சம் விட்டு, அதே வரி இன்னொரு முறை. பிறகு அந்த நிறுத்தம். தலையைச் சாய்த்து நிற்கிறாள் என்பது பார்க்காமலே தெரிந்தது. பஸ்ஸின் ஹாரன் மேல் வளைவில் கேட்டது.

வாசலுக்கு ஓடினேன்.

"இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன், பாத்துப் போயிட்டு வாங்க" என்று பாடினேன். குரல் கம்மி, சுருதி எங்கோ போய், பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. பஸ் நின்று, கிளம்பிப் போனது.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. காதில் விழுந்ததால் கூப்பிடவில்லையா, அதற்குள் ஏறிவிட்டாளா, தெரியாது. விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். போன் போட்டுக் கேட்கலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்?