பன்னிரண்டாம் நம்பர் கடற்கரைக்குப் போன நாள்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறுநாளே என் சமையலறைக்கு டைம்டேபிள் போட்டார். ஆறு பத்துக்குப் பால், ஆறு இருபதுக்கு டீ, ஏழுக்குள் பாத்திரம் கழுவி முடித்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் தாமதமானால் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைப்பார். முப்பத்தொரு வருஷம் பன்னிரண்டாம் நம்பர் டவுன் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது ஓட்டுவதற்கு வண்டி இல்லை, நான்தான் இருந்தேன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயம். மனிதர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவார், பிரேக் இருக்கிற இடத்தில். நான் பார்க்காதது போல அந்தப் பக்கம் போய்விடுவேன்.

டிப்போவில் அவருக்கு 'ஸ்டாப்பிங்' என்று பட்டப்பெயர். ஆளே இல்லாத ஸ்டாப்பிலும் நிறுத்துவார். கண்டக்டர் கத்தினால், "யாராச்சும் ஓடி வந்துகிட்டிருப்பாங்க, இருய்யா" என்பார். பாதி நாள் உண்மையிலேயே யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து ஏறுவார்கள். அவர் நிறுத்தினால் கதவு, நிற்பவரின் காலுக்கு நேராக வந்து நிற்கும். மழை நாளில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி நிறுத்துவார். சம்பளத்தில் அதற்கெல்லாம் தனியாக எதுவும் கிடையாது.

எட்டு மாசம் வீட்டில் இருந்த பிறகு ஒரு வேலை வந்தது. பார்ட்டி பஸ், கொண்டாட்டங்களுக்கு வாடகைக்கு விடுவது. ஊதா நிறத்தில் பெயின்ட் அடித்து, உள்ளே சுவரோரமாக சோபா போட்டு, கூரையில் கலர் லைட்டும் சுற்றிலும் எட்டு ஸ்பீக்கரும் மாட்டிய வண்டி. முதலாளிக்கு எங்கள் மகன் வயசுதான் இருக்கும்.

"ஒரு மாசம் பார்ப்போம் அண்ணே. ஆனா ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் சாவியைக் குடுத்துடணும், வருத்தப்படக் கூடாது" என்றான்.

இவர் தலையாட்டினார். அன்று வீட்டுக்கு வந்து, நான் கேட்காமலே இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்தச் சாவி இவர் கையில் தங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

முதல் சவாரியே பெண்கள் சவாரி. பெண்கள் மட்டும் போனால் வண்டியில் துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி கையைப் பிசைந்தான். "நான் போறேன்" என்றேன். கண்காணிக்கப் போனேன் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அதுவும் உண்மைதான்.

சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் பிரிவுப் பெண்கள் பதினாலு பேர். அவர்களில் ஒருத்தி நாற்பத்தாறு வயதில், மூன்றாவது தடவை எழுதி, பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தாள். அதைக் கொண்டாடத்தான் கடற்கரை. அவள் தலையில் தங்க நிறக் காகிதக் கிரீடம் ஒன்றைக் கவிழ்த்திருந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா எல்லாரையும் எண்ணி ஏற்றினாள். வண்டியைப் பற்றிக் கருத்து எழுதும் பாரத்தை முதல் வேலையாக என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதில் ஒரு குறை எழுதினாலும் சாவி போய்விடும்.

கடற்கரைக்குப் போகிற பாதை, அவருடைய பழைய பன்னிரண்டாம் நம்பர் பாதை. அங்கேதான் வந்தது வினை. முதல் நாலு ஸ்டாப்பைத் தாண்டியபோதும் அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பின்னால் பாட்டும் ஆட்டமும். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் எக்ஸ்ரே கவரோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். வண்டி மெதுவானது. "ஏங்க..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்துவிட்டது, சரியாக அந்தப் பெரியவரின் காலுக்கு நேராக. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பெரியவர் ஏறி, சோபாவில் பலூன்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, சில்லறையை நீட்டினார். "மார்க்கெட் போகும்ல?"

சூப்பர்வைசர் அக்கா பாட்டை நிறுத்தினாள். "என்னண்ணே இது, டவுன் பஸ்ஸா?"

அதே நேரம் போன் அடித்தது. வண்டி எங்கே நிற்கிறது என்பது முதலாளியின் போனில் தெரியுமாம். இவருடைய போன் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால் அவன் குரல் எட்டுப் பக்கமிருந்தும் வந்தது. "அண்ணே, வண்டி ஏன் ஆஸ்பத்திரிகிட்ட நிக்குது?"

யாருக்கோ வாந்தி என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். இவர் முந்திக்கொண்டார். "பழக்க தோஷம் தம்பி. ஸ்டாப்புல நின்ன பெரியவரை ஏத்திட்டேன். என் தப்புதான்."

"சாயங்காலம் சாவியை வச்சிட்டுப் போயிடுங்க."

எட்டு ஸ்பீக்கரும் ஒரே குரலில் அதைச் சொல்லி முடித்தன. பெரியவர் தடுமாறி எழுந்தார். "நான் இறங்கிடறேம்மா. பஸ்ஸைப் புதுசா மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

கிரீடக்காரி எழுந்து முன்னால் வந்தாள். அவள் இவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க பன்னெண்டாம் நம்பர்தானே?"

இவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். "முதல் சீட்டு" என்றார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், விடியாத முதல் டிரிப்பில் ஒருத்தி ஏறி முதல் சீட்டில் புத்தகத்தைத் திறக்கிறாள் என்று இவர் சொல்லியிருந்தார். இருட்டில் ஓட்டும்போது பஸ்ஸுக்குள் முன் சீட்டு லைட்டை அணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணாடியில் கூசும். இவர் அவளுக்காக அணைக்காமல், பக்கத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு ஓட்டினார். கண் சிவந்து வருவார். சொட்டு மருந்து விட்டபடியே, "யாருங்க அவ?" என்று கேட்டேன். "தெரியாது. கணக்குப் புஸ்தகம் வச்சிருக்கா" என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

"எனக்கு அண்ணன் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும்" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். "ஆனா கதவு இப்படிக் காலுக்கு நேரா வந்து நின்னதும் புரிஞ்சிருச்சு. வேற யாரு இப்படி நிறுத்துவாங்க?"

"நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, அந்த லைட்டு, அது இவரா?" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. கேட்டுவிட்டு, பெரியவரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காருங்கப்பா. மார்க்கெட் வழியாத்தானே போறோம்."

அந்த மூன்று நாள் எனக்கு நெஞ்சில் குத்தியது. யாரோ ஒருத்தி படிக்கட்டும் என்று கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெரியவர் மார்க்கெட்டில் இறங்கும்போது ஒரு கையில் எக்ஸ்ரே, மறு கையில் அந்தப் பெண்கள் கொடுத்த கேக்.

கடற்கரையில் அவர்கள் அலையில் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல வண்டி" என்றார். சூப்பர்வைசர் அக்கா வந்து, "துடைச்சது போதும், போட்டோவுக்கு வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அந்தப் போட்டோவைத் தொழிற்சாலைப் பெண்களுக்கெல்லாம் அனுப்பிய ஐந்தாம் நிமிஷம் தையல் பிரிவிலிருந்து அவளுக்கு போன் மேல் போன்.

திரும்பும்போது தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். "அங்க இறங்கி மறுபடி பஸ் புடிக்கணும். நாங்க எல்லாரும் உங்க ரூட்டுலதான் இருக்கோம்" என்றாள் அக்கா. இவர் என்னைப் பார்த்தார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? நிறுத்துங்க" என்றேன். போனை அணைத்து என் பைக்குள் போட்டேன்.

ஒன்பது ஸ்டாப். ஒவ்வொன்றிலும் அவரவர் தெரு முனைக்கு நேராகக் கதவு திறந்தது. அக்கா இறங்கும் முன் பாரத்தைக் கிரீடக்காரியிடம் கொடுத்தாள். "படிச்சவ நீதானே, நீயே எழுது." அவள் கடைசி ஸ்டாப் வரை முதல் சோபாவில் உட்கார்ந்து எழுதினாள். இவர் உள்ளே முன் சீட்டு லைட்டைப் போட்டுவிட்டார்.

ஷெட்டில் முதலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றான். "ஒன்பது இடத்துல நிறுத்தியிருக்கீங்க!" இவர் சாவியை எடுத்தார். நான் நடுவே புகுந்து பாரத்தை நீட்டினேன். "முதல்ல இதைப் படிப்பா."

படித்தான். வரிக்கு வரி எழுத்துக் கொஞ்சம் மேலேறிப் போயிருந்தது. தப்பு ஒன்றுகூட இல்லை.

'வண்டி நன்றாக இருந்தது. பாட்டுச் சத்தம் அதிகம். வழியில் நிறுத்தியதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. அடுத்த மாதம் ஏழாம் தேதி தையல் பிரிவில் இருபத்திரண்டு பேர் கடற்கரைக்குப் போகிறார்கள். இந்த ஓட்டுநர் வந்தால் மட்டும்.'

அவன் இரண்டாம் முறையும் படித்தான். "அந்த இருபத்திரண்டு பேரும் எத்தனை ஸ்டாப்புல இறங்குவாங்க அண்ணே?" குரலில் இன்னும் கோபம் மிச்சமிருந்தது.

"எத்தனை இருந்தாலும் நிறுத்துவேன் தம்பி" என்றார் இவர்.

பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, நீட்டிய கையை அவன் தன் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தான். "ஏழாம் தேதி காலையில எட்டுக்கு வந்துடுங்க" என்றான்.

வீடு வரும்வரை இவர் அந்தச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். நானும் பையில் போடச் சொல்லவில்லை.